மேற்குக் கன்சாஸில் ஒரு சிறிய பள்ளி மாவட்டம்: தங்குவதா, நகரத்துக்குப் போவதா?

கேள்வி:

அம்மா, நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். என் கணவர் கன்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஒரு கவுண்டி மருத்துவமனையில் மருத்துவராக இருக்கிறார். விசா நிபந்தனை ஒன்றிலிருந்து விலக்குப் பெறுவதற்காக ஒப்புக்கொண்ட 3 ஆண்டுப் பணியில் 2 ஆண்டுகள் முடிந்துவிட்டன. இங்குள்ள பள்ளி மாவட்டத்தில், அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பில், மழலையர் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை மொத்தமே 190 பிள்ளைகள்தான். 2ஆம் வகுப்பில் இருக்கும் என் மகன் வகுப்பில் அதிகம் பேசுவதில்லை, சில ஒலிகளைச் சரியாக உச்சரிப்பதில்லை, வாசிப்பும் மெதுவாக இருக்கிறது என்று சொல்லி, அவனை மதிப்பீடு செய்ய ஒப்புதல் கேட்டு ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். ‘சிறப்புக் கல்வி’ என்ற சொல்லைப் பார்த்ததும் பயந்துபோய் இன்னும் கையெழுத்திடவில்லை. மகள் 8ஆம் வகுப்பு, கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் இங்கே உயர்நிலைப் பள்ளியில் கால்குலஸ் பாடமே கிடையாது. பள்ளிகளுக்கு மதிப்பெண் போடும் இணையதளங்களில் இந்தப் பள்ளிக்கு 10க்கு 4தான். விச்சிட்டாவில் இருக்கும் நண்பர்கள், “இது இன்னும் சில ஆண்டுகளில் மூடப்படும் பள்ளி, ஓவர்லாந்து பார்க்குக்குப் போய்விடுங்கள்” என்கிறார்கள். ஆகஸ்டில் நானும் பிள்ளைகளும் அங்கே போய்விட்டு, கணவர் மட்டும் இங்கே தனியாக இருப்பது என்று யோசிக்கிறோம். ஓவர்லாந்து பார்க் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ள பெரிய நகரம், இங்கிருந்து ஐந்து மணி நேரக் கார்ப் பயணம். கடையில் பார்த்தபோது இந்தப் பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரிண்டெண்டென்ட், “உங்கள் இரண்டு பிள்ளைகளையும் இழக்க எங்களுக்கு மனமில்லை” என்றார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சேர்க்கையின்போது, வீட்டில் பேசும் மொழி என்ற இடத்தில் ‘ஆங்கிலம்’ என்று எழுதிவிட்டோம். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மேசை மேல் கிடக்கும் அந்த ஒப்புதல் படிவத்தில் முதலில் கையெழுத்திடுங்கள். நகரத்துக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்விக்கு நீங்கள் எந்த விடையைத் தேர்ந்தாலும் அதற்கு முன் நடக்க வேண்டிய காரியம் இது. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

நான் கன்சாஸில் பல சிறு பள்ளி மாவட்டங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறப்புக் கல்விக் கூட்டமைப்பில் பள்ளி உளவியலாளராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். திங்கள் ஒரு ஊர், செவ்வாய் இன்னொரு ஊர் என்று கோதுமை வயல்களின் நடுவே கார் ஓட்டியே என் வேலை நாட்கள் கழிகின்றன. 190 பிள்ளைகள் உள்ள மாவட்டத்தால் ஒரு முழுநேர உளவியலாளரையோ பேச்சுப் பயிற்சியாளரையோ தனியாக வைத்துக்கொள்ள முடியாது என்பதால்தான் இத்தகைய கூட்டமைப்புகள் உருவாயின. உங்கள் மகனை மதிப்பிட வரப்போகிறவரும் என்னைப் போல வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ அந்த ஊருக்கு வந்துபோகிற ஒருவராகத்தான் இருப்பார். அவர் வரும் நாள் எது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் மற்ற நாட்களில் கேட்டால், “அவர் இன்று இல்லை” என்ற பதில்தான் வரும். அதைப் புறக்கணிப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

மதிப்பீட்டுக்கு ஒப்புதல் தருவது என்பது, சிறப்புக் கல்வியில் சேர்ப்பதற்கு ஒப்புதல் தருவது ஆகாது. இரண்டும் தனித்தனிக் கையெழுத்துகள். மதிப்பீடு முடிந்த பின் கூட்டம் போட்டு, குழந்தைக்குத் தனிக் கல்வித் திட்டம், அதாவது இங்கே எல்லோரும் ஐ.இ.பி. என்று அழைப்பது, தேவை என்று குழு முடிவு செய்தாலும், நீங்கள் மறுபடி எழுத்தில் சம்மதித்தால்தான் அது நடைமுறைக்கு வரும். சம்மதித்த பிறகு மனம் மாறினாலும், எழுதிக் கொடுத்து அந்தச் சேவையை நிறுத்திவிடலாம். 1975இல் இயற்றப்பட்டு, 1990 முதல் ‘ஐடியா’ என்ற பெயரில் வழங்கும் மத்தியச் சட்டத்தின் அடிப்படையே பெற்றோரும் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர் என்பதுதான். நம் ஊரில் தலைமையாசிரியர் அறைக்குப் பெற்றோரை அழைத்தாலே ஏதோ குற்றம் நடந்துவிட்டது என்று பொருள் கொண்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் இந்தக் கூட்டத்துக்குப் போய்த் தலையாட்டிவிட்டு வராதீர்கள். அங்கே போடப்பட்டிருக்கும் நாற்காலிகளில் ஒன்று சட்டப்படி உங்களுடையது.

உங்கள் அச்சத்தின் வேர் எனக்குத் தெரியும். ‘பையன் மேல் ஒரு முத்திரை விழுந்துவிடும், அது கல்லூரி வரைக்கும் பின்தொடரும், விசாவுக்கும் இடைஞ்சலாகும்’ என்பதுதானே? பிள்ளைகளின் கல்விப் பதிவுகளைப் பெற்றோர் அனுமதியின்றி வெளியாருக்குத் தருவதை 1974ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும், ஒரு சிறுவனுக்குப் பேச்சுப் பயிற்சி தரப்பட்டது என்ற செய்தி கல்லூரிக்கோ குடிவரவு அலுவலகத்துக்கோ தானாகப் போய்ச் சேரும் ஏற்பாடு எதுவும் இல்லை. உயர்நிலைப் பள்ளி மதிப்பெண் பட்டியலில் மாணவனின் குறைபாட்டைக் காட்டும் குறிப்பு இருக்கக் கூடாது என்பது மத்தியக் கல்வித் துறையின் வழிகாட்டல். நான் பார்த்த வரையில், 2ஆம் வகுப்பில் கிடைத்திருக்க வேண்டிய உதவி 6ஆம் வகுப்பில் கிடைக்கும்போது அந்தக் குழந்தை, ‘நான் மக்கு’ என்று தனக்குத்தானே முடிவு கட்டியிருக்கும். பிள்ளையோடு நெடுங்காலம் ஒட்டிக்கொள்ளும் முத்திரை அதுதான்.

இனி, உங்கள் மகனுக்கு உண்மையிலேயே குறைபாடு இருக்கிறதா என்ற கேள்வி. கடிதத்தை மட்டும் படித்துவிட்டு அதற்குப் பதில் சொல்வது தவறு; ஆனால் மதிப்பீடு சரியாக நடக்க நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்ல முடியும். சில ஆண்டுகளுக்கு முன், தமிழ் பேசும் வீட்டிலிருந்து வந்த ஒரு சிறுவனை, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன், பேச்சுக் குறைபாடு இருக்கலாம் என்று ஆசிரியர் அனுப்பியிருந்தார். ஆங்கிலத்தில் அவன் ‘வி’ ஒலியையும் ‘டபிள்யூ’ ஒலியையும் ஒன்றாகவே சொன்னான், ‘திங்க்’ என்ற சொல்லின் முதல் ஒலி நம் ‘தி’யாகவே வந்தது, ‘பஸ்’ அவன் வாயில் ‘பஸ்ஸு’ ஆனது. படத்தைக் காட்டிக் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில். பள்ளியின் துடைப்பமும் வாளியும் வைத்திருந்த அறையைக் காலி செய்து எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அங்கே சின்ன நாற்காலியில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, அதே படத்தைக் காட்டித் தமிழில் கேட்டேன். பையன் நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் பாட்டி வீட்டுச் சமையலறையில் பல்லி ஒன்று சாம்பாரில் விழுந்த கதையை, யார் என்ன சொன்னார்கள், தாத்தா எப்படிச் சாப்பிட மறுத்தார் என்பது வரை, ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். ‘பல்லி’யும் ‘பள்ளி’யும் அவன் நாவில் துல்லியமாகப் பிரிந்து ஒலித்தன. அந்தக் குழந்தைக்குப் பேச்சிலும் மொழியிலும் குறையே இல்லை. இரண்டாவது மொழி ஒன்றைப் பாதி வழி கற்றிருந்தான், அவ்வளவுதான்.

அதற்கு நேர்மாறான ஒரு சிறுமியையும் பார்த்திருக்கிறேன். அவளுடைய ஆங்கிலத் தடுமாற்றத்துக்கு வீட்டு மொழிதான் காரணம் என்று எல்லோரும், பெற்றோர் உட்பட, இரண்டு ஆண்டுகள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தமிழில் பேசவைத்தபோது அங்கேயும் சொற்கள் கிடைக்காமல் திணறினாள். ஒரே ஓசையில் தொடங்கும் சொற்களைப் பிரித்தறிய முடியவில்லை. வேறொரு மொழியைக் கற்கும் வழியில் ஏற்படும் தடுமாற்றம் பெரும்பாலும் அந்த மொழியில் மட்டுமே தெரியும். உண்மையான மொழிக் குறைபாடு குழந்தை பேசும் எல்லா மொழிகளிலும் தெரியும். இந்த ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் மகனின் மதிப்பீட்டில் தலையாய வேலை. குழந்தையின் தாய்மொழியில் மதிப்பிட வேண்டும், அது வெளிப்படையாகச் சாத்தியமில்லாதபோது மட்டுமே விலக்கு என்பது சட்டம். ஆங்கிலம் போதவில்லை என்பதையே காரணமாக வைத்து ஒரு குழந்தையைக் குறைபாடுள்ளதாக முடிவு செய்யக் கூடாது என்பதும் சட்டம்.

மேற்குக் கன்சாஸில் தமிழ் தெரிந்த மதிப்பீட்டாளர் கிடைப்பது அரிது என்பது உண்மைதான். அதனால்தான் உங்கள் பங்கு பெரிதாகிறது. மகன் சாப்பிடும்போதோ விளையாடும்போதோ அக்காவிடம் தமிழில் பேசுவதைக் கைப்பேசியில் பத்து நிமிடம் பதிவு செய்து வையுங்கள். எந்த வயதில் முதல் சொல் வந்தது, எப்போது இரண்டு சொல் சேர்த்துப் பேசினான், காதில் சீழ் வடிந்து மருத்துவம் பார்த்ததுண்டா, வீடியோ அழைப்பில் பேசும் பாட்டிக்கு அவன் சொல்வது புரிகிறதா, இல்லை நீங்கள் நடுவில் இருந்து மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறதா என்பதையெல்லாம் எழுதிக் கொடுங்கள். பாட்டிக்குப் புரிகிறதா என்ற அந்தக் கேள்வி, நான் கேட்கும் கேள்விகளிலேயே அதிகம் பயன்படுவது. தமிழ் ஒலிகளின் சிறு பட்டியல் ஒன்றையும், ஆங்கிலத்தில் உள்ள எந்த ஒலிகள் தமிழில் இல்லை என்ற குறிப்போடு கொடுத்தால் பேச்சுப் பயிற்சியாளர் நன்றியோடு வாங்கிக்கொள்வார். கூட்டத்தில் உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் மாவட்டம் ஏற்பாடு செய்ய வேண்டும். தொலைபேசி வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. உங்களுக்கு நன்றாக ஆங்கிலம் தெரிந்திருக்கலாம். ஆனாலும் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது தொண்டை அடைக்கும். அந்த நேரத்தில் சொந்த மொழி கைகொடுக்கும்.

கன்சாஸ் விதிப்படி, எழுத்தில் ஒப்புதல் கொடுத்த நாளிலிருந்து 60 பள்ளி நாட்களுக்குள் மதிப்பீடும் அதன்மேல் எடுக்க வேண்டிய நடவடிக்கையும் முடிந்தாக வேண்டும். படிவம் இப்போதே கையை விட்டுப் போனால், மே மாதம் பள்ளி முடிவதற்குள் உங்களுக்கு விடை தெரிந்திருக்கும். முடிவு உங்களுக்கு ஏற்புடையதாக இல்லையென்றால், மாவட்டத்தின் செலவில் வெளி நிபுணர் ஒருவரின் மதிப்பீட்டைக் கேட்கும் உரிமை உண்டு. “எங்களிடம் நிதி இல்லை, ஆள் இல்லை” என்று யாரேனும் சொன்னால் அவர்கள் மேல் கோபம் வேண்டாம், ஏனென்றால் சிறப்புக் கல்விக்காக, ஒரு பிள்ளைக்கு ஆகும் நாட்டின் சராசரிக் கல்விச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக 1975இல் சொன்ன மத்திய அரசு இன்றுவரை அந்த அளவைத் தொட்டதே இல்லை. ஆனால் அந்தக் காரணத்தை ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். 190 பிள்ளைகள் உள்ள மாவட்டத்தையும் 20,000 பிள்ளைகள் உள்ள மாவட்டத்தையும் இந்தச் சட்டம் ஒரே அளவில்தான் கட்டுப்படுத்துகிறது. நீங்கள் கேட்பதை எப்போதும் எழுத்தில் கேளுங்கள், தேதி போடுங்கள், படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள் என்பதால் வாய்ப்பேச்சிலேயே எல்லாம் நடந்துவிடுவது சிறு மாவட்டங்களின் இயல்பு. அன்பாகப் பேசிவிட்டு மறந்துவிடுவார்கள். மறதிக்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை.

இந்தப் படிவத்துக்கும் நகரத்துக்குப் போவதற்கும் உள்ள தொடர்பு இதுதான். ஐ.இ.பி. ஒன்றுடன் நீங்கள் ஓவர்லாந்து பார்க் போனால், அங்குள்ள மாவட்டம் முதல் நாளிலிருந்தே அதற்கு இணையான சேவையைத் தர வேண்டும். ஒன்றுமில்லாமல் போனால், புதிய ஆசிரியர் குழந்தையைத் தெரிந்துகொண்டு, முதலில் வகுப்பிலேயே சில முயற்சிகளைச் செய்து பார்த்து, பிறகுதான் மதிப்பீட்டுப் பேச்சே எழும்; அதற்குள் 3ஆம் வகுப்பில் பாதி ஓடியிருக்கும். இப்போதைய ஆசிரியர் சுமார் 15 பிள்ளைகள் உள்ள வகுப்பில் உங்கள் மகன் அதிகம் பேசுவதில்லை என்பதைக் கவனித்து, எழுத்தில் கேட்கும் அளவுக்கு அக்கறை காட்டியிருக்கிறார். கூட்டமான வகுப்பில் சத்தம் போடும் பிள்ளைதான் முதலில் கண்ணில் படும், அமைதியான பிள்ளை ஆண்டுக்கணக்கில் தப்பிவிடும்.

அந்த 10க்கு 4 பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஒரு வகுப்பில் 12 பேர் தேர்வெழுதுகிறார்கள் என்றால், இரண்டு பிள்ளைகளுக்கு அன்று காய்ச்சல் என்பதற்கே தேர்ச்சி விகிதம் ஏறத்தாழ 17 புள்ளிகள் சரிந்துவிடும். அடுத்த ஆண்டு நன்றாகப் படிக்கும் இருவர் குடிவந்தால் அதே அளவு ஏறிவிடும். மிகச் சிறிய குழுக்களின் முடிவுகளை, பிள்ளைகளின் அடையாளம் தெரிந்துவிடும் என்பதற்காக, வெளியிடுவதே இல்லை. இப்படிப்பட்ட எண்களைக் கொண்டு ஒரு பெரிய நகரப் பள்ளியோடு ஒப்பிடுவது பொருந்தாது. இதைவிடப் பயனுள்ள ஒரு தகவலைக் கன்சாஸ் மாநிலக் கல்வித் துறையே மாவட்டவாரியாக வெளியிடுகிறது: உயர்நிலைப் பள்ளி முடித்தவர்களில் எத்தனை சதவீதத்தினர் அதன்பின் கல்லூரியிலோ தொழிற்பயிற்சியிலோ தொடர்ந்திருக்கிறார்கள் அல்லது பட்டமோ சான்றிதழோ பெற்றிருக்கிறார்கள் என்பது. 5 ஆண்டுச் சராசரியாகப் பாருங்கள். கூடவே பள்ளி முதல்வரிடம், கணக்கு ஆசிரியர் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார், அவர் முழு உரிமம் பெற்றவரா அல்லது தற்காலிக ஏற்பாடா என்று நேரடியாகக் கேளுங்கள். சிறிய மாவட்டத்தின் உண்மையான பலவீனம் அங்கேதான் இருக்கிறது: ஒரே ஒரு கணக்கு ஆசிரியர் ஊரை விட்டுப் போனால் அந்த உயர்நிலைப் பள்ளியின் கணக்குத் துறை முழுவதும் போய்விட்டது என்று பொருள். பெரிய பள்ளியில் இது நடக்காது. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மகளைப் பற்றிய உங்கள் கவலை, ஆகையால், நியாயமானதே. ஆனால் முடிவெடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. மீத்திறன் பிள்ளைகளுக்கும் சட்டப்படி ஐ.இ.பி. வழங்கும் மிகச் சில மாநிலங்களில் கன்சாஸும் ஒன்று. நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது. மகனுக்கு வந்த படிவத்தைப் போலவே மகளுக்கும், மீத்திறன் மதிப்பீடு வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுக்கலாம். தகுதி பெற்றுவிட்டால், ‘எங்களிடம் அந்த வகுப்பு இல்லை’ என்பதோடு பேச்சு முடியாது. அவளுக்கு என்ன கணக்குப் பாடம், எந்த வழியில், யாரால் என்பதைக் குழு எழுத்தில் வகுக்க வேண்டும். அருகிலுள்ள கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டாண்டுக் கல்லூரி வழியாக உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் எடுப்பது கன்சாஸ் கிராமப் பள்ளிகளில் வெகு நாளாக உள்ள வழக்கம். காணொளி வழியாகப் பல மாவட்டங்கள் ஒரே ஆசிரியரைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. 11, 12ஆம் வகுப்புகளில் கால்குலஸ் எடுக்க வேண்டுமானால் இயற்கணிதத்தை அவள் எப்போது முடிக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முதல்வரைச் சந்தியுங்கள். கடந்த 3 ஆண்டுகளில் உண்மையில் நடத்தப்பட்ட பாடங்களின் பட்டியலைக் கேளுங்கள். கையேட்டில் அச்சிட்டிருப்பது வேறு, நடப்பது வேறு.

பட்டியலில் தெரியாத இன்னொரு பக்கமும் உண்டு. 50 பேர் உள்ள உயர்நிலைப் பள்ளியில் ஒரே பெண் வாலிபாலும் ஆடுவாள், இசைக்குழுவில் கிளாரினெட்டும் வாசிப்பாள், ஸ்காலர்ஸ் பவுல் வினாடி வினா அணியிலும் இருப்பாள், நாடகத்திலும் நடிப்பாள், ஏனென்றால் அவள் இல்லையென்றால் அணியே இல்லை. அமெரிக்கக் கால்பந்தை 11 பேருக்குப் பதில் 8 பேரை வைத்து ஆடும் ஊர்கள் இவை. பெரிய பள்ளியில் அணித் தேர்விலேயே திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகள் இங்கே தலைவர்களாகிறார்கள். அதே சமயம், கணக்கில் தனக்கு இணையாக யோசிக்கும் இன்னொரு பிள்ளையை உங்கள் மகள் அந்த 50 பேருக்குள் சந்திக்காமலே போகலாம். 13 வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்பதை நீங்கள் அவளையே கேட்க வேண்டும். கடிதத்தில் எல்லோருடைய கருத்தும் இருக்கிறது, அவளுடைய கருத்தைக் காணவில்லை.

பள்ளி மூடப்படும் என்று நண்பர்கள் சொன்னதைப் பற்றி: நம் ஊர் மாவட்டத்தை நினைத்துக்கொண்டு இந்தப் பள்ளி மாவட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அங்கே தலைநகரிலிருந்து ஆணை வரும். இங்கே உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுக்கும் 7 பேர் கொண்ட வாரியம்தான் சூப்பரிண்டெண்டென்டை வேலைக்கு அமர்த்துகிறது, வரி விதிக்கிறது, கட்டடத்தைத் திறக்கிறது, மூடுகிறது. மூடல் அச்சம் அடிப்படையில்லாதது என்று சொல்ல மாட்டேன். 1940ஐ ஒட்டி அமெரிக்கா முழுதும் சுமார் 1,17,000 பள்ளி மாவட்டங்கள் இருந்தன, இன்று ஏறத்தாழ 13,000தான். கன்சாஸிலும் 1963ஆம் ஆண்டு ஒருங்கிணைப்புச் சட்டம் எண்ணற்ற ஓரறைப் பள்ளி மாவட்டங்களை ஒன்றாக்கியது; உங்கள் பள்ளிப் பேருந்தின் பக்கவாட்டில் ‘யு.எஸ்.டி.’ (ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டம்) என்று ஓர் எண்ணோடு எழுதியிருப்பது அந்தச் சட்டத்தின் நினைவுதான். ஆனாலும் ஒரு பள்ளிக் கட்டடத்தை மூட வேண்டுமென்றால் பொது விசாரணை நடத்த வேண்டும். இரண்டு மாவட்டங்கள் இணைய வேண்டுமென்றால் இரண்டு ஊர் வாக்காளர்களும் ஒப்ப வேண்டும். ஓர் இரவில் நடக்கும் காரியம் இல்லை. உங்கள் மகள் 12ஆம் வகுப்பு முடிக்கும் வரையிலான காலத்துக்குள் என்ன நடக்கும் என்பதற்குச் சிறந்த தடயம், மழலையர் வகுப்பில் இப்போது எத்தனை பிள்ளைகள், 12ஆம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்ற ஒப்பீடு. அந்த எண்களைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டாலே சொல்வார்கள்.

வாரியக் கூட்டத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். மாதம் ஒருமுறை, பெரும்பாலும் பள்ளி நூலகத்திலேயே நடக்கும். நீங்கள் குடிமகள் அல்ல என்பதால் வாக்களிக்க முடியாது. ஆனால் உட்கார்ந்து கேட்கலாம், பொதுமக்கள் பேசும் நேரத்தில் பெயரைச் சொல்லிப் பேசலாம், பள்ளியின் சைட் கவுன்சில் என்ற ஆலோசனைக் குழுவில் பெற்றோராக இடம்பெறக் கேட்கலாம். முதல்முறை நான் போனபோது பார்வையாளர் வரிசையில் என்னையும் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவரையும் தவிர யாருமில்லை. பழைய பேருந்துக்கு எஞ்சின் மாற்றுவதா, வேறு பேருந்து வாங்குவதா என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவர் வயலிலிருந்து நேராக வந்திருந்தார், அவருடைய காலணியில் மண் காயவில்லை. உங்கள் மகளின் கணக்குப் பாடத்துக்கான பணத்தை ஒதுக்கப்போவதும் இதே 7 பேர்தான். 190 பிள்ளைகள் உள்ள ஊரில் ஒரு தாய் எழுந்து நின்று கேட்பது எவ்வளவு தூரம் எட்டும் என்பதை, பெரிய மாவட்டத்தில் பழகியவர்களால் நம்ப முடியாது.

சூப்பரிண்டெண்டென்ட் சொன்னதை மட்டும் உங்கள் முடிவில் சேர்க்காதீர்கள். அவர் சொன்னது உண்மை. மாநில நிதி செப்டம்பர் 20ஆம் தேதி எடுக்கும் தலைக்கணக்கைச் சார்ந்தது, 1,622 பேருக்குக் குறைவான மாவட்டங்களுக்குக் கூடுதல் நிதி தரும் எடைக் கணக்கு உண்டு என்றாலும் ஒவ்வொரு பிள்ளையும் அவருக்கு முக்கியம். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். இத்தகைய ஊர்களில் காலையில் பேருந்து ஓட்டி, மாலையில் பந்தயத்துக்கு நுழைவுச் சீட்டுக் கிழிக்கும் சூப்பரிண்டெண்டென்டுகளை நான் அறிவேன். ஆனால் அந்த மாவட்டத்தின் வரவுசெலவைச் சரிக்கட்டும் பொறுப்பு உங்கள் பிள்ளைகளுடையது அல்ல.

ஆக, என் கருத்து: இந்த ஆகஸ்டில் போகாதீர்கள். உங்கள் கணவரின் பணிக்காலம் இன்னும் ஓராண்டுதான் இருக்கிறது. அந்த ஓராண்டுக்காகக் குடும்பத்தை ஐந்து மணி நேரத் தொலைவில் இரண்டாகப் பிரித்து, பேசத் தயங்கும் ஏழு வயதுக் குழந்தையைத் தந்தையிடமிருந்தும், தன்னைக் கவனித்த ஆசிரியரிடமிருந்தும் ஒரே நேரத்தில் விலக்குவது, அவனுக்கு நல்லதென்று எனக்குத் தோன்றவில்லை. மகள் 9ஆம் வகுப்பை இங்கே தொடங்கட்டும். அவளுக்கான கணக்குப் பாதையை எழுத்தில் வாங்குங்கள். வரும் டிசம்பரில் அந்த எழுத்துக்கும் நடப்புக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். தூரம் அதிகமாக இருந்தால், பணிக்காலம் முடிந்ததும் நால்வரும் சேர்ந்தே போகலாம். 10ஆம் வகுப்பில் மாறுவது இழப்பாகாது. நடுவில் இன்னொரு வழியும் இருக்கிறது: 2024-25 கல்வியாண்டு முதல் கன்சாஸ் மாவட்டங்கள், இடம் இருக்கும் வகுப்புகளில் வெளிமாவட்டப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்துள்ளது. அரைமணி நேரத்தில் சற்றுப் பெரிய ஊர் ஒன்று இருந்தால், வீடு மாறாமலே மகளை அங்கே சேர்க்க முயலலாம். தினமும் கூட்டிப்போய்க் கூட்டிவரும் பொறுப்பு மட்டும் பெரும்பாலும் உங்கள் தலையில் விழும்.

கடைசியாக, வீட்டு மொழிப் படிவம். ‘தமிழ்’ என்று எழுதினால் பிள்ளையை ஆங்கிலம் தெரியாதவர்களின் வகுப்பில் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து ‘ஆங்கிலம்’ என்று எழுதும் தமிழ்க் குடும்பங்கள் பல. நீங்கள் மட்டும் இல்லை. 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லாவ் வழக்கில் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கு உதவுவது பள்ளிகளின் கடமையானது. அந்தக் கேள்வி படிவத்தில் இருப்பது அதற்காகத்தான். உண்மையை எழுதினால் ஒரு சிறு மொழித் தேர்வு வைப்பார்கள், தேவையென்றால் உதவி தருவார்கள், வேண்டாமென்றால் நீங்கள் மறுக்கலாம். ஆனால் அந்த இடத்தில் ‘ஆங்கிலம்’ என்று இருக்கும் வரை, உங்கள் மகனை மதிப்பிட வருபவர் அவனை ஒற்றை மொழிக் குழந்தை என்று எண்ணித்தான் கருவிகளைத் தேர்ந்தெடுப்பார். பல்லிக் கதை சொன்ன சிறுவனைப் போன்றவர்கள் தவறாகக் கணிக்கப்படுவது இப்படித்தான். ஒப்புதல் படிவத்தைக் கொடுக்கப் போகும்போதே அலுவலகத்தில் பழைய மொழிப் படிவத்தைக் கேட்டு வாங்கி, ‘தமிழ்’ என்று திருத்தி, தேதியிட்டு, இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.